பின் சக்கர பிரேக் ஷூவை வீட்டிலேயே மாற்றலாமா?

8 ஜூன் 2024, காலை

காவேரிப்பட்டணத்து வாசகர் ஒருவரின் கேள்வி:

"காரின் பின் சக்கரத்தில் சரசரவென்று சத்தம். ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். ஷூவுக்கு 900 ரூபாய், கூலி 1,200 ரூபாய் கேட்கிறார்கள். வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான், பின் பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது என்கிறார் என் மைத்துனர். அப்படியானால் நானே வீட்டில் மாற்றிக்கொண்டால் என்ன? தவறிப்போனாலும் பெரிய ஆபத்து இல்லையே?"

8 ஜூன், இரவு

மாற்றலாம். போன ஞாயிறுதான் நான் மாற்றினேன். தருமபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டி வீடு. வாசலில் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் என் பட்டறை. காலை ஏழு மணிக்கு ஜாக்கி போட்டேன், சாப்பிட உட்காரும்போது மணி இரண்டு. கூலி மிச்சம். இதற்காக வாங்கிய கருவிகளின் விலையைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எந்தக் கார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பேச்சு பிரேக்கை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடும். 2012இல் வாங்கிய சிறிய கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம். அதன் உள்சுவரை அழுத்தி நிறுத்தும் வளைந்த இரும்புதான் ஷூ, அதன்மேல் ஒட்டியிருக்கும் தேயும் பட்டை லைனிங்.

உங்கள் மைத்துனர் சொல்வது சரி. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்துகிற வேலையில் 90 விழுக்காடு முன் சக்கரத்தின் தலையில்தான் விழுகிறது. பயப்படாமல் கை வையுங்கள்.

9 ஜூன், ஞாயிறு

எப்படிச் செய்தேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும். அது பிடித்திருந்தால் ஷூ டிரம்மை விடாது. ஆகவே வண்டி உருளாமல் இருக்க முதல் கியர், கூடவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். கிருஷ்ணகிரிக் கருங்கல் கப்பலேறி எங்கெங்கோ போகிறது, நம் வாசலுக்கு நான்கு துண்டு வராதா என்ன. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்டக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

டிரம் சுலபத்தில் வராது. ஹப்போடு, அதாவது சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியோடு, துருப்பிடித்து ஒட்டியிருக்கும். என் டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். "டொக்" என்று ஒரு சத்தம், டிரம் கைக்கு வந்துவிட்டது. சில கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. நடு நட்டைக் கழற்ற வேண்டும், உள்ளே பேரிங்கும் இருக்கும். அந்த வேலை எனக்குப் பழக்கமில்லை, நான் பேச மாட்டேன்.

உள்ளே இரண்டு ஷூக்களும் ஒன்றுக்கொன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பிறைகள் போல இருக்கின்றன. தலைமாட்டில் வீல் சிலிண்டர், பெடலை மிதித்தால் ஆயிலின் அழுத்தத்தில் ஷூக்களை வெளியே தள்ளுவது அதுதான். அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு ஷூக்களுக்கும் நடுவே முட்டுக்கொடுத்தாற்போல் அட்ஜஸ்டர்: மரை போட்ட ஒரு கம்பி, அதில் பல் வைத்த ஒரு குட்டி நட்சத்திரச் சக்கரம். லைனிங் தேயத் தேய ஒரு சின்னத் தகடு அந்தப் பல்லைத் தள்ளித் தள்ளிக் கம்பியை நீட்டிக்கொண்டே போகும். டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. பின்பக்க ஷூவின் முதுகில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல். இவை எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்பிரிங்குகள் குறைந்தது நான்கு.

இப்போது முக்கியமான சங்கதி. இரண்டு பக்கத்து டிரம்மையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்து ஸ்பிரிங் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் எழுந்து போய் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இதைவிட நல்ல கையேட்டை எவரும் அச்சடித்ததில்லை. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மிதித்தால் சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவனை இறக்கி, டார்ச் பிடிக்கச் சொல்லி நிறுத்தினேன்.

ஸ்பிரிங்கை இழுக்க சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கி செய்துகொண்டேன், கடையில் விற்பதைவிட நன்றாகவே இருந்தது. ஷூவை அதன் பின்னால் இருக்கும் பெரிய தகட்டோடு பிடித்து நிற்கும் குட்டி ஸ்பிரிங்தான் படுத்தியது. மூடியை அமுக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் விடுபடும். விடுபட்டது. முருங்கை மரத்துப் பக்கம் போனதைப் பார்த்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை. மூன்று பேர் அரைமணி நேரம் தேடிவிட்டு ஊருக்குள் நான்கு ரோடு சந்திப்புக்குப் போய்ப் புதிய ஸ்பிரிங் செட் வாங்கி வந்தேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். சூடு கண்ட பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுவது அற்ப மிச்சம்.

அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, மரைக்குக் கிரீஸ் தடவி, வேண்டிய அளவுக்குச் சுருக்கிவிட்டுத்தான் போட வேண்டும். புது லைனிங் தடிமனாக இருக்கும், இல்லாவிட்டால் டிரம் ஏறாது. இடப்பக்க அட்ஜஸ்டரில் ஆங்கில "ஆர்" குத்தியிருந்தது. அது என்னவென்று பையன் கேட்டான். "ரியர்" என்பதன் முதல் எழுத்து, பின்பக்கச் சாமான் என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

ஷூ உரசும் மேடுகள் அந்தப் பின்தகட்டில் ஆறு இருக்கும். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு கிரீஸ். வீட்டில் இருக்கும் சாதாரணக் கிரீஸே போதும். டிரம்மை மாட்டிப் பெடலைப் பல முறை அழுத்தினேன். ஹேண்ட் பிரேக் பிடியை இழுத்தால் ஆறாவது பல்லில் கெட்டியாகப் பிடித்தது. அதியமான்கோட்டை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினேன். சத்தம் இல்லை.

9 ஜூன், இரவு

எழுத விட்டுப்போனது. டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் விரட்டாதீர்கள். பழைய லைனிங்காக இருந்தால் அதில் கல்நார் கலந்திருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் அது திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்துத் துணியை உறையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

12 ஜூன்

மூன்று திருத்தங்கள்.

சாதாரணக் கிரீஸ் போதும் என்று எழுதியது தவறு. டிரம்முக்குள் ஏறும் சூட்டில் அது இளகி லைனிங்கில் இறங்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிக் காயவைத்தாலும் பழைய பிடிப்பு வராது. சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் என்றே கேட்டு வாங்குங்கள், அதையும் கஞ்சத்தனமாகத் தடவுங்கள்.

பெட்ரோலில் கழுவலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரில் பாதிப் பட்டறைகளில் அதுவோ மண்ணெண்ணெயோதான். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, பிரேக் ரப்பருக்கு ஆகும். அந்த ரப்பர் பிரேக் ஆயிலைத் தாங்குவதற்கென்று செய்தது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் ஊறிப் பருத்துவிடும். பருத்த ரப்பர் சிலிண்டருக்குள் சிக்கினால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் கிளீனர் டப்பாவில் கிடைக்கிறது. சிலிண்டரின் ரப்பர் உறை ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்திருந்தால் ஷூவோடு சிலிண்டரையும் மாற்ற வேண்டும். என்னுடையது காய்ந்திருந்தது.

மூன்றாவது திருத்தம் அந்த 90 விழுக்காடு. எங்கே கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன், டீக்கடையில். சிறிய காரில் அவசர பிரேக்கின்போது முன் சக்கரங்கள் செய்வது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சில சமயம் இன்னும் கொஞ்சம் கூட. மிச்சத்தைப் பின் சக்கரம் செய்கிறது. அதற்குமேல் அதைச் செய்யவிடாமல் அளவு கட்டி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பின் சக்கரம் முன்னதற்கு முன்பே பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பாகம் முன்னால் வரப் பார்க்கும். மழையில் ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. இன்னொன்று, முன் சக்கர இழுவை உள்ள கார்களில் பிரேக் குழாய்களைக் குறுக்காக இணைத்திருப்பார்கள்: முன் இடதும் பின் வலதும் ஒரு வழி, முன் வலதும் பின் இடதும் மற்றொரு வழி. ஒன்று கிழிந்தால் மற்றது நிறுத்த வேண்டும். அந்த நாளில் பின் பிரேக் பெயருக்கு இருந்தால் போதுமா என்று மைத்துனரைக் கேளுங்கள். "மைத்துனர் சொல்வது சரி" என்று நான் எழுதியதை அவரிடம் காட்டாமல் இருந்தால் நல்லது.

17 ஜூன்

ஹேண்ட் பிரேக் ஒன்பதாவது பல்லில் பிடிக்கிறது. புது ஷூ, டிரம்மோடு படியும்வரை கொஞ்சம் இறங்கும். அதுதான் போலிருக்கிறது.

20 ஜூன்

பதினொன்று. பெடலும் தாழ்ந்துவிட்டது. ஒருமுறை மிதித்தால் பாதி வழி போகிறது, உடனே மறுபடி மிதித்தால் உயரே நிற்கிறது. காற்று புகுந்துவிட்டதோ என்றால், நான் ஆயில் குழாயைத் தொடவே இல்லை. கசிவும் இல்லை. ஞாயிறு வரை வண்டியை எடுக்கப் போவதில்லை, அலுவலகத்துக்கு பஸ்தான்.

23 ஜூன், ஞாயிறு

கண்டுபிடித்தாகிவிட்டது. நான் கண்டுபிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். காலையில் நான் மறுபடி டிரம்மைக் கழற்றி வைத்துக்கொண்டு முழிப்பதை மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையே கூப்பிடவில்லையே என்ற வருத்தம் அவருக்கு உண்டு, அதனால் உடனே வரவில்லை. காப்பி குடித்துவிட்டு நிதானமாக வந்தார்.

வந்ததும் ஷூவைப் பார்க்கவில்லை. அட்ஜஸ்டரை மட்டும் கழற்றித் தரச் சொன்னார். அதை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, தகடு எந்தத் திசையில் பல்லைத் தள்ளுமோ அதே திசையில் நட்சத்திரத்தை நகத்தால் தள்ளினார். பத்துப் பல் தள்ளிவிட்டு என்னிடம் கொடுத்தார். "நீண்டிருக்கிறதா, குறுகியிருக்கிறதா, பார் தம்பி."

குறுகியிருந்தது.

விஷயம் இதுதான். இடப்பக்கத்து அட்ஜஸ்டருக்கும் வலப்பக்கத்து அட்ஜஸ்டருக்கும் மரை எதிரெதிர். ஒன்று வழக்கமான மரை, மற்றது தலைகீழ் மரை. இடம் மாறிப் போனால் பார்வைக்கு அப்படியே பொருந்தும், ஸ்பிரிங் எல்லாம் மாட்டும், டிரம்மும் ஏறும். ஆனால் ஒவ்வொரு முறை தகடு பல்லைத் தள்ளும்போதும் நீள வேண்டிய கம்பி குறுகும். இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் தகட்டின் வீச்சும் கூடும், அடுத்த முறை இன்னும் தாராளமாகக் குறுக்கும். கடன் வட்டி மாதிரி.

பெடல் தாழ்ந்ததும் இதனால்தான். மிதிக்கும்போது போகிற ஆயில் முதலில் அந்த வெற்று இடைவெளியை அடைக்கத்தான் செலவாகிறது, பிடிப்பு அதற்குப் பிறகுதான். பின் பிரேக் பெயருக்குத்தான் என்ற பேச்சு எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது. முன் சக்கரத்து டிஸ்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெடல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த மூலையில் கிடக்கும் குட்டி நட்சத்திரம்.

இப்போது என் "சிறந்த கையேடு". ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை மாட்டினேன் அல்லவா? இரண்டு பக்கமும் ஏற்கெனவே இடம் மாறித்தான் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் பின் பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டு பக்கத்துச் சாமானையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவியதை நானே நின்று பார்த்திருக்கிறேன், சுத்தமாக வேலை செய்கிறார்களே என்று மெச்சவும் மெச்சினேன். அன்று மாறியதாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீசிலும் ஹேண்ட் பிரேக் தளர்ந்துவிட்டது என்று கேபிளை முறுக்கி முறுக்கிக் கொடுத்தார்கள். நானும் கேபிள் நீண்டுபோய்விட்டது என்று நம்பினேன். பெரியவர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கேபிளை இழுத்துக் கட்டினால் நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பி வராது. அது வராவிட்டால் அட்ஜஸ்டர் வேலையே செய்யாது. முதலில் ஷூ, கடைசியில் கேபிள். இந்த வரிசையை மாற்றினால் நோயை மூடி வைக்கிறாய் என்று அர்த்தம்."

ஆக, மூன்று ஆண்டு அட்ஜஸ்டர் கெடுக்காமல் இருந்ததே அந்த இறுகிய கேபிள் அதை முடக்கி வைத்ததால்தான். நான் கேபிளைத் தளர்த்திப் புது ஷூ போட்டதும் அதற்கு உயிர் வந்தது. வந்த உயிர் தலைகீழாக வேலை செய்தது.

கண்ணாடி வைத்தியம் பாதி உண்மை. ஸ்பிரிங் எந்தத் துளையில், எது மேலே எது கீழே என்பதற்கு மறுபக்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து பொய் சொன்னால் கண்ணாடி காட்டிக்கொடுக்காது. மாட்டும் முன் பெரியவர் செய்த நகச் சோதனையைச் செய்யுங்கள். பத்துப் பல், நீள்கிறதா குறுகுகிறதா. ஒரு நிமிடம்கூட ஆகாது.

23 ஜூன், சற்றுப் பிறகு

"ஆர்" என்றால் ரியர் இல்லை என்று ஐந்து பேர் எழுதிவிட்டீர்கள். தெரியும். வலது. வலப்பக்கத்தில் இருந்ததை அழுக்கு நீங்கத் தேய்த்தபோது "எல்" தெரிந்தது.

24 ஜூன்

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் "ரியர்" என்று விளக்கியதும் பையன் கேட்டான்: "முன்னால் டிரம்மே இல்லையே அப்பா, பிறகு எதற்குப் பின்பக்கம் என்று தனியாக எழுத வேண்டும்?" நான் சொன்ன பதில்: "டார்ச்சை நேராகப் பிடி."

7 ஜூலை, ஞாயிறு

அட்ஜஸ்டர்களை இடம் மாற்றிப் போட்டாயிற்று. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும், ஆனால் சூடு கண்ட பூனை நான். இடைவெளியே இருக்கக் கூடாது என்று நட்சத்திரத்தைக் கையாலேயே நன்றாக நீட்டி, டிரம்மைத் தட்டி ஏற்றினேன். நேற்று கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வேலை. காரிமங்கலம் தாண்டியதும் வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல ஓடியது. கூடவே ஒரு வாடை, சேமியா கருகுகிற மாதிரி. ஓரம் கட்டி இறங்கி டிரம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. இதை இடது கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

தொடாதீர்கள். உள்ளங்கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோனாலே தெரியும். இல்லையென்றால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள், சுர்ரென்றால் விடை கிடைத்துவிட்டது. குடம் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

எவ்வளவு இறுக்கம் சரி? டிரம்மை மாட்டிக் கையால் சுற்றும்போது எங்கோ ஓரிடத்தில் ஷூ மெல்ல உரசும் சத்தம் காதில் கேட்க வேண்டும், கையில் கனம் தெரியக் கூடாது. களி கிண்டும்போது துடுப்பு இழுக்குமே, அந்தக் கனம் வந்தால் அதிகம். மிச்சத்தை அட்ஜஸ்டரிடம் விட்டுவிடுங்கள், இப்போது அது சரியான திசையில்தான் போகிறது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, இரண்டு நட்சத்திரங்களிலும் ஒரு பல்லுக்கும் அதற்கு நேராகக் கம்பியிலும் பொட்டு வைத்திருக்கிறேன். மனைவியின் நகப்பூச்சு, அரக்கு நிறம்.

காவேரிப்பட்டணத்து நண்பர் தன் டிரம்மைக் கழற்றிவிட்டாராம். அவருடைய காரில் நட்சத்திரமே இல்லை. பல் வெட்டிய இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து பிடித்துக்கொள்ளும் வகை. ஒரு மாதமாக நான் எழுதியதில் பாதி அவருக்குப் பயன்படாது. ஷூவை மாற்றி முடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு தொந்தரவும் இல்லை. மைத்துனர் டார்ச் பிடித்தாராம்.

4 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக நினைத்திருந்தோம். காவிரியில் வெள்ளம், குளிக்கத் தடை. மேட்டூர் அணை ஜூலை 30ஆம் தேதியே 120 அடியைத் தொட்டுவிட்டது. ஆகவே சேலத்துக்குப் போய் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

போகும்போது தொப்பூர் இறக்கம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு பிரேக்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஜனவரி 24ஆம் தேதி அங்கே லாரிகளும் கார்களும் மோதி எரிந்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் இறந்தார்கள். அந்த வழியே இறங்கும்போது கண்ணாடியை இறக்கினால் லாரிகளின் லைனிங் கருகும் வாடை வரும். என் டிரம்மில் வந்த அதே வாடை, நூறு மடங்கு. பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும். மிதித்தாலும் நிற்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் அந்த மிச்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ. எவ்வளவு சிறிய கார் ஆனாலும் ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பெரியவர் சொல்வார். வத்தல்மலைக்கும் அதுதான் விதி.

இதில் பிரேக் ஆயிலுக்கும் பங்கு உண்டு. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் சாதி. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை மிதித்தால் அது அமுங்கும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. என் வண்டியில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யோசித்தேன், நினைவில்லை. திறந்து பார்த்தால் கருப்பட்டிக் காப்பி நிறம். இன்று காலை பையனைப் பெடலில் உட்காரவைத்து, "அழுத்து, பிடி, விடு" என்று நான்கு சக்கரத்துக்கும் பழையதை வெளியேற்றிப் புது ஆயில் ஏற்றினோம். நான் ஆயில் வெளியேறும் திருகை மூடும் முன் ஒருமுறை அவன் காலை எடுத்துவிட்டான், காற்று உள்ளே போய்விட்டது, அந்தச் சக்கரத்தை மறுபடி முதலிலிருந்து செய்தோம். திட்டவில்லை. அந்த "ஆர்" கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. பெயிண்டில் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். எங்கள் வண்டியின் முன் மட்கார்டில் இப்போது ஓர் இலங்கைப் படம் இருக்கிறது.

8 டிசம்பர், ஞாயிறு

நான்கு மாதமாக இந்தப் பக்கம் எழுதவில்லை, எழுத ஒன்றும் நடக்கவில்லை. இந்த வாரம் நடந்தது.

ஊத்தங்கரையில் தங்கை இருக்கிறாள். புயல் மழையில் 2ஆம் தேதி காலை வரையான ஒரே நாளில் அங்கே 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வியாழன்தான் போக முடிந்தது. அவள் தெருவில் அன்றும் தண்ணீர், சக்கரத்தில் பாதி. மெதுவாகக் கடந்து அக்கரை ஏறியதும் பிரேக்கை மிதித்தேன். சோப்புப் போட்டாற்போல் வழுக்கிக்கொண்டு போனது. டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் சீக்கிரம் வடியாது. இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி, பெடலை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சதூரம் ஓட்டினால் உரசும் சூட்டில் காயும். அப்படிக் காயவைத்துத்தான் அடுத்த தெருவுக்குள் நுழைந்தேன்.

இதுவரை சரியாகச் செய்தவன் திரும்பி வந்து இரவு வாசலில் நிறுத்தும்போது, வழியெல்லாம் மறுபடி மழையில் நனைந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலை வண்டி அசையவில்லை. ஈரமான ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. கிளட்சை விட்டால் பின்பாகம் உட்கார்ந்து எழுந்ததே தவிர சக்கரம் சுற்றவில்லை. ரிவர்சில் ஒன்று, முன்னால் ஒன்று என்று மெல்ல ஆட்டியபோது வலப்பக்கம் "டக்" என்று விட்டது. இடப்பக்கத்துக்குச் சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் தோளில் சுத்தியலால் நாலு தட்டு. நனைந்த வண்டியைக் கியரில் போட்டு, கல் வைத்து நிறுத்துங்கள். கருங்கல்தான் அங்கேயே கிடக்கிறதே.

சக்கரம் கழன்றதோடு இன்று இரண்டு டிரம்மையும் திறந்துவிட்டேன். பெரியவர் மதிலைச் சுற்றி வராமல் நேராக வந்து உட்கார்ந்தார், காப்பி எங்கள் வீட்டில். மழை மண்ணை அரித்துப் போயிருந்ததில் முருங்கை மரத்தடியில் அந்தக் குட்டி ஸ்பிரிங்கும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. துருவைத் தேய்த்துப் பையன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான்.

டார்ச்சை அவன் பிடித்தான். எண்ணியதும் அவன்தான். அரக்குப் பொட்டு இடப்பக்கம் ஏழு பல் நகர்ந்திருக்கிறது, வலப்பக்கம் ஐந்து. இரண்டும் நீளும் திசையில்.